காத்திருப்பது குற்றம்

கண்ணை மூடிக்கொண்டே இருங்கள், திறந்தால் மருந்து வெளியே வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் பெஞ்சில் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். எரிகிறது. எரியும் என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம், யாரும் எதையும் முன்னால் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் ஒளியியல் நடத்தியவன் நான், கண்பாவை எப்படி விரியும் எப்படிச் சுருங்கும் என்று கரும்பலகையில் படம் போட்டே தேய்ந்தவன், இப்போது என் பாவை விரியும் வரைக்கும் குருடன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். செய்தித்தாள் கிடையாது, செல்போன் கிடையாது, எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து மனதுக்குள் குறை சொல்லிக்கொள்ளும் வசதிகூடக் கிடையாது. பினாயில் வாசனை, தலைக்கு மேலே ஒரு ஃபேன், உள்ளே எங்கேயோ பெயர் கூப்பிடும் குரல். பக்கத்தில் செண்பகா இருக்கிறாள், என் மருமகள், என் கண்ணுக்குப் புரை விழுந்திருக்கிறதா என்று பார்க்க லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவள். அவள் பை ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. மூடும் சத்தம். காலையில் பஸ்ஸில் வரும்போது ஒன்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் அவள் வழக்கு வருகிறது, நான் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவள் புருஷன், என் மகன் நாயகம், அவனைப் பற்றி ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை என்று பெற்ற அப்பன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், கல்யாணம் ரத்தாகும், அவள் தன்னோடு வேலை பார்க்கும் சுடலைமுத்துவைக் கட்டிக்கொள்ளலாம். நான் சொல்லாவிட்டால் வழக்கு இழுக்கும், தோற்றாலும் தோற்கும், அவள் என் வீட்டிலேயே இருந்து எனக்கு இட்லி அவித்துப் போட்டுக்கொண்டே கிழவியாவாள். வருவியளா மாமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்குமா என்று நான் கண்டக்டரைக் கேட்டேன். அதுதான் நான் அவளுக்குச் சொன்ன பதில்.

நான் விஞ்ஞானக் கதை எழுதுகிறவன். பெரிய ஆள் எல்லாம் இல்லை, சின்னப் பத்திரிகைகளில் வரும், அதில் பாதிப் பத்திரிகைகள் என் கதை வந்த கையோடு நின்றுபோகும், அதற்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். என் கதைகளில் எல்லாம் ஏதாவது ஒரு கிரகத்தில் ஒரு ஊர் இருக்கும், அந்த ஊருக்கு ஒரு வினோதச் சட்டம் இருக்கும். செண்பகா கல்யாணமாகி வந்த புதிதில் என் மேஜையில் கிடந்த தாளை எடுத்துப் படித்துவிட்டு, இது நடக்காது மாமா என்றாள். ஏன் நடக்காது என்றேன், சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் எந்தக் கதையும் அவளைத் தாண்டிப் போனதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் வழக்கு நடக்கும், நான் சட்டத்தின் பக்கம், அவள் ஊர்ஜனத்தின் பக்கம். அவள் சரி, இது நடக்கும் என்று சொன்னால்தான் கதை கவருக்குள் போகும். மூச்சுக்காற்று பற்றாத ஊரில் உரக்கப் பாடினால் குற்றம் என்று எழுதினேன். அப்ப சண்டை போட்டா என்றாள், பாட்டை விடச் சண்டைக்குத்தான் காத்து கூடச் செலவாகும். திருத்தி எழுதினேன். பொய் சொன்னவனை விட்டுவிட்டு நம்பினவனைத் தண்டிக்கும் ஒரு ஊர் எழுதினேன், அது ஒரே வாய்தாவில் ஜெயித்தது, இங்கயே அப்படித்தான மாமா என்று சொல்லிவிட்டாள். நாயகம் அப்போது எல்லாம் வீட்டில் இருந்தான். தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வருவான், ரெண்டு பேருக்கும் வேற சோலி கிடையாதா என்பான், அவளைப் பார்த்துத்தான் சொல்வான், என்னைப் பார்க்க மாட்டான். இருந்தாலும் அந்தக் கேள்வியில் நானும் இருந்தேன். ரெண்டு பேருக்கும் என்றானே, அதில் ஒருத்தன் நான். இதை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் எழுதின கதையின் சட்டம் இதுதான்: காத்திருப்பது குற்றம். கடைத்துறை என்று ஒரு குடியேற்றம். அங்கேயிருந்து கப்பல்கள் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் போகும். போகிறவனுக்கு ஒரு வருஷம், இருக்கிறவளுக்கு ஒரு ஆயுசு, அந்தக் கணக்கை எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தேன். போனவர்களை நினைத்து இருக்கிறவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், விதைக்கவில்லை, பள்ளிக்கூடம் நடத்தவில்லை, ஊர் பாழாகப் போனது, அதனால் சபை கூடிச் சட்டம் போட்டது. காரணம் சரியா இருக்கு என்றாள் செண்பகா. ஆனா மனசுக்குள்ள ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பாவ என்றாள். நான் தயாராக இருந்தேன். சோதனை அதிகாரிகள் வீடு வீடாக வருவார்கள், கதவு தாழிடாமல் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள், காலடிச் சத்தம் கேட்டால் முகம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள், உலையில் இருக்கும் அரிசியைத் தலைக்கணக்கோடு ஒத்துப் பார்ப்பார்கள் என்றேன். ஒரு பிடி கூடப் போடாம எவ மாமா உலை வைப்பா, ஊரையே பிடிச்சு உள்ள தள்ளணும் என்றாள். அதுவும் கதைக்கு நல்லதுதான் என்று குறித்துக்கொண்டேன். பிறகு தண்டனையைப் படித்தாள். குற்றம் நிரூபணமானால் அடுத்த கப்பலில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பிவிடுவது. படித்துவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவன் போன பாதையிலேயே அவளையும் அனுப்பி வச்சா அது தண்டனையா மாமா, வரிசையில நின்னு குத்தம் பண்ணுவாளுவளே என்றாள். எனக்குச் சுரீர் என்றது. கப்பலின் வேகத்தைத் தசமத்தில் சரியாகப் போட்டவனுக்கு இது தட்டுப்படவில்லை. என்னைக் கப்பலில் ஏற்றிவிட மாட்டார்களா என்று எழுதியவனே நினைத்துக்கொண்டிருந்தால் எப்படித் தட்டுப்படும்.

அப்படியானால் என்ன தண்டனை கொடுக்கலாம் நீயே சொல் என்றேன், கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். தண்டனையே வேண்டாம் மாமா, காத்துக் கிடன்னு விட்டுட்டாப் போதாதா என்றாள். தாளை மேஜை மேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான் அதைக் கதையில் சேர்த்தேன். நல்ல வசனம் என்று நினைத்துக் கடைசிப் பக்கத்தில் சபைத் தலைவர் வாயில் வைத்தேன், அன்றைக்கே கவரில் போட்டு அனுப்பினேன். இப்போது இந்த இருட்டில், கண்ணெரிச்சலோடு உட்கார்ந்திருக்கும்போது அது மறுபடி கேட்கிறது, சபைத் தலைவர் குரலில் இல்லை, அவள் குரலில். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னாள். நாயகம் போகும்போது அவளுக்கு இருபத்தாறோ இருபத்தேழோ. நான் வசனம் என்று எடுத்துக்கொண்டேன். அடப்பாவி என்று என்னையே சொல்லிக்கொள்கிறேன், உதடு அசைந்திருக்க வேண்டும், என்ன மாமா எரியுதா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறேன்.

நர்ஸ் பெண் மறுபடி வருகிறாள், ரப்பர் செருப்பு சத்தம் எனக்குப் பழகிவிட்டது, இமையைப் பிதுக்கி இரண்டாம் சொட்டு விடுகிறாள். ஒரு நொடி வெளிச்சம், வெள்ளையாக ஒரு கை, அப்புறம் இருட்டு. எதிர் பெஞ்சில் ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டார்களா என்று கேட்கிறாள், என்ன பேரும்மா என்றால் சொல்லாமல் இழுக்கிறாள், கடைசியில் யாரோ ஒரு பையன் சீட்டை வாங்கிப் படித்துச் சொல்கிறான். இன்னும் இருக்கிறார்கள் இப்படி. பகவதியும் அப்படித்தான், என் சம்சாரம். என் பெயரை மட்டும் இல்லை, என் அப்பா பெயரையும் சொல்ல மாட்டாள், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. நாங்கள் என்ன செய்தோம், ஊர் வழக்கப்படி தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தோம், ஆவுடைநாயகம் என்று. அவ்வளவுதான், பெற்ற பிள்ளையை அவள் ஆயுசுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. தம்பி என்பாள், பெரியவனே என்பாள், ஏய் என்பாள். செண்பகா வந்த பிறகு வீட்டுக்குள் நாயகம் நாயகம் என்று சத்தம் கேட்கும், பகவதி அடுப்படியில் காதைப் பொத்திக்கொள்வாள், இவ எங்க மாமாவை இந்தப் பாடு படுத்துதாளே என்பாள். இந்தச் சட்டத்தை யார் போட்டது, எந்தச் சபை கூடியது, மீறினால் என்ன தண்டனை? ஒன்றும் கிடையாது. ஒரு போலீஸ் கிடையாது. ஆனால் அவன் காணாமல் போய் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பையன் பேரு என்ன என்று கேட்டபோது அவள் வாயைத் திறந்தாள், பேர் வரவில்லை, என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். இதைக் கதையில் எழுதியிருந்தால் நடக்காது மாமா, எந்தத் தாய் இப்படி இருப்பா என்று செண்பகாவே கோடு போட்டு அடித்திருப்பாள். கடைசியில் பகவதி காய்ச்சலில் கிடந்தபோது ஒரு மத்தியானம் முழுக்க நாயகம் நாயகம் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாயில் அந்தப் பெயர் எவ்வளவு நன்றாக இருந்தது.

அவன் வடக்கே ஒரு ஊருக்கு மோட்டார் பழுது பார்க்கப் போனான். கம்பெனி வேலை, மாதத்துக்கு ஒரு ஊர், அதில் அதுவும் ஒன்று. லாட்ஜில் பையை வைத்துவிட்டுக் காலையில் டீ குடிக்க இறங்கினான் என்கிறார்கள். பை இருந்தது, அவன் வரவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, வேறு பெண் இல்லை, ஒரு காரணமும் இல்லை, அதுதான் என்னை அரிக்கிறது, காரணமே இல்லாமல் ஒரு பாத்திரத்தை நான் கதையைவிட்டு வெளியே அனுப்ப மாட்டேன். ஆஸ்பத்திரி, மார்ச்சுவரி, கோயில் வாசல், சாமியார் மடம் எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கும் அவனுக்கும் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. விரோதம் கிடையாது, பேச்சும் கிடையாது. வெளியூரில் இருந்து போன் பண்ணுவான், நான் எடுத்தால் சாப்பிட்டாச்சா என்பான், ஆச்சு என்பேன், அம்மாட்ட குடுங்க என்பான். குடுத்துவிடுவேன். அப்படியே பக்கத்தில் நின்று அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், பேப்பர் படிக்கிற மாதிரி. மழை பெய்யுதா, சளி பிடிச்சிருக்கா, என்ன குழம்பு. அவ்வளவையும் என்னிடம் சொன்னால் என்ன என்று தோன்றும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போனைக் கொடுக்காமல், என்னிடம் சொல்லேன்டா, அங்கே மழையா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பான். பகவதியின் பட்டன் போன் இன்னும் அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது, அவள் போனது அவனுக்குத் தெரியாதே, கூப்பிட்டால் அந்த நம்பருக்குத்தானே கூப்பிடுவான். அதற்கு ரீசார்ஜ் பண்ணுவது செண்பகா. நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை, ஆனால் போன் உயிரோடுதான் இருக்கிறது. கடைத்துறையில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் பிடித்திருப்பார்கள்.

சுடலைமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அவள் ஆபீஸ்தான், சம்சாரம் தவறிப் போனவர். நான் முறைப்பாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்து வேட்டி எல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தார், காபி குடித்தார், டம்ளரைத் தானே கொண்டுபோய்த் தொட்டிக்குள் போட்டார். கிளம்பும்போது சார், கதை முடிவுல கடைத்துறைக்காரங்க ஏன் மறுபடி வானத்தைப் பாக்க ஆரம்பிச்சாங்கன்னு புரியலை என்றார். அச்சில் வராத கதை, செண்பகா கொடுத்திருக்கிறாள். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது, பிடித்ததற்காக அன்றைக்கு முழுக்க எரிச்சலாக இருந்தேன். கூடத்தில் ராத்திரி வழக்கு இனி நடக்காது, அவள் அங்கே போய்விடுவாள், நான் இங்கே யாரிடம் படித்துக் காட்டுவேன். சுயநலம்தான். மகனுக்காக மறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதில் எவ்வளவு எனக்காக என்று இந்த இருட்டில் பார்க்கப் பயமாக இருக்கிறது. வக்கீல் அந்த ஏழு வருஷத்தைச் சொன்னபோது நான் நம்பவில்லை. பழைய சட்டம் என்றார். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் ஆள் இல்லை. நான் இதை ஏதாவது கிரகத்துக்கு எழுதியிருந்தால் செண்பகா விட்டிருப்பாளா, அது என்ன ஏழு, ஆறே முக்கால் வருஷத்துல உயிரோட இருந்தவன் காலண்டர் திரும்பினதும் செத்துருவானா என்று கேட்டிருப்பாள். ஆனால் இந்தச் சட்டத்துக்கு எதிராக அவள் ஒன்றும் கேட்கவில்லை. வக்கீல் இன்னொரு வழியும் சொன்னார், புருஷன் கைவிட்டுப் போய்விட்டான் என்று போடலாம், அதுவும் செல்லும். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது. கைவிட்டுப் போனவன் எங்கேயோ இருக்கிறான், எங்கேயோ டீ குடிக்கிறான், வேறு ஒருத்தியோடுகூட இருக்கட்டும், இருக்கிறான். வெளியே வந்ததும் அப்படியே போட்டுவிடேன் என்று அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"அவுக என்னை விட்டுட்டுப் போனாவன்னு எங் கையால எழுத மாட்டேன் மாமா. அவுக அப்படிப்பட்ட ஆளு இல்ல."

என் மகனைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை, அவனைக் கொன்றுவிட்டுத்தான் இதைச் சொல்ல முடிகிறது அவளால். அன்றையிலிருந்து இதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். அவனை உயிரோடு வைத்துக்கொள்ள எனக்கு ஆசை, அதற்காக அவனைக் கெட்டவனாக்கவும் தயார். அவளுக்கு அவன் நல்லவனாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் சட்டம் எந்தக் கிரகத்திலும் கிடையாது, நான் எத்தனை போட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளே இன்னொரு பெயர் கூப்பிடுகிறார்கள், என்னுடையது இல்லை. கண்ணுக்குள் எரிச்சல் போய்க் கனமாக இருக்கிறது. செண்பகாவின் தோள் என் தோளில் பட்டும் படாமலும் இருக்கிறது, பஸ்ஸில் கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள், நான் வரமாட்டேன் என்றால் சரி மாமா என்று சொல்லிவிட்டு நாளைக்கும் இட்லி அவிப்பாள். காத்துக் கிட என்று நான் விட்டுவிட்டால் போதும். அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கண்ணைத் திறக்கக் கூடாது, திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

"கூண்டுல நிக்க வச்சு என்ன கேப்பாவ?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்புவது தெரிந்தது. வக்கீல் சொல்லிக் கொடுத்ததை மெதுவாகச் சொன்னாள். சட்டத்தில் ஒரு வார்த்தை இருக்கிறதாம். வழக்குப் போட்ட மனைவி சொன்னால் மட்டும் போதாது, ஊரில் உள்ள யாரோ வந்து எனக்குத் தகவல் இல்லை என்று சொன்னாலும் செல்லாது. அவன் உயிரோடு இருந்தால் யாருக்கு இயல்பாகச் செய்தி சொல்லியிருப்பானோ, அந்த ஆள்தான் வந்து சொல்ல வேண்டும்.

"நீங்கதான்னு வக்கீலிட்ட நான் சொன்னேன்," என்றாள். "அத்தைகிட்ட இல்ல, அவுக பேசுததுன்னா மாமாகிட்டதான் பேசுவாவன்னு சொன்னேன்."

ஃபேன் சுற்றுகிறது. சாப்பிட்டாச்சா. ஆச்சு. அம்மாட்ட குடுங்க. இவளுக்கு அது தெரியாதா, எத்தனை தடவை பக்கத்தில் நின்றிருக்கிறாள். தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். கூண்டில் ஏறி நான் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது புரிகிறது. தகவல் இல்லை என்பது மட்டும் போதாது, ஏன் எனக்குத் தகவல் வந்திருக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும், நீதிபதி எழுதிக்கொள்வார், என் மகன் என்னிடம் பேசக்கூடியவன் என்று அரசாங்கத்தின் தாளில் ஏறும். அது நிஜம் என்றால் அவன் இல்லை. அது நிஜம் இல்லை என்றால் அவன் எங்கேயோ இருக்கிறான், என்னிடம் பேசத் தோன்றாமல் இருக்கிறான். இத்தனை வருஷமும் அந்த இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"வாரேன்," என்றேன்.

அவள் கை என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. சொல்லிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது, அங்கே போய் உளறக் கூடாதே. கண்ணை மூடியபடியே, பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"உயிரோட இருந்தா எம்மவன் எங்கிட்ட பேசாம இருக்க மாட்டான்."

நர்ஸ் பெண் வந்து என் இமையைத் தூக்கிப் பார்த்து, விரிந்துவிட்டது, உள்ளே போகலாம் என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா என்று செண்பகாவைக் கேட்டேன்.